பத்து புள்ளி எட்டு

கும்பகோணத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அக்கா மகள் ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல். வலப்பக்கம் கோடு போட்ட தாளில் நீல மையில் செய்முறை. இடப்பக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் படமும் அட்டவணையும். பக்கத்தில் இன்னொரு ரெக்கார்ட் விரிந்து கிடந்தது. போன வருஷம் படித்த பெண்ணுடையது. நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு இவற்றைப் பார்த்து எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் அளவீடுகளையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

தனி ஊசல் சோதனை. நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, இருபது அலைவுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். அட்டவணையில் ஐந்து நீளம், நீளத்துக்கு இரண்டு முறை. நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து எழுதும் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ஐந்து வரியிலும் 0.248. மூன்றாவது தசமத்தில்கூட ஒரு பிசகு இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் நூலும் குண்டும் வைத்து எடுத்த அளவு அப்படி வராது. விடையை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு அது. போன வருஷப் பெண்ணும் அதற்கு முந்தைய வருஷ ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாள்.

"இதைச் செஞ்சு பார்த்தாச்சாம்மா?" என்றேன்.

"இல்ல மாமா, அடுத்த வாரம்தான் லேப். அதுக்குள்ள ரெக்கார்ட் முடிச்சு கையெழுத்து வாங்கணும்."

அப்படியானால் இங்கேயே செய்து பார்ப்போம் என்றேன். பூஜை அறைப் பூட்டு ஒன்று கிடைத்தது. தையல் பெட்டியிலிருந்து கெட்டி நூலும் டேப்பும் எடுத்து வந்தாள். நிலைப்படியில் அடித்திருந்த ஆணியில் கட்டி, பூட்டின் நடுப்பகுதிவரை சரியாக ஒரு மீட்டர் அளந்து தொங்கவிட்டோம். செல்போனில் ஸ்டாப் வாட்ச். லேசாக இழுத்து விட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். இருபது சொன்னபோது 38.2 விநாடி. இன்னொரு முறை, 38.1. மூன்றாவது முறையும் 38.2. கணக்குப் போட்டாள். விடை 10.8.

அவள் முகம் வாடிவிட்டது. "தப்பா வருது மாமா. நைன் பாயின்ட் எய்ட் வரணும்" என்று ரப்பரை எடுத்தாள்.

அந்த ரப்பரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எண் வந்திருக்கிறது. கை தடுமாறியிருந்தால் மூன்றும் மூன்று விதமாக வந்திருக்கும். ஆகவே இது ஏதோ ஒன்றைச் சரியாகத்தான் சொல்கிறது, என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன். நூலை மறுபடி அளந்தாள், ஒரு மீட்டர்தான். போன் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு அவளாகவே, "அஞ்சு மட்டும் எண்ணிப் பாக்கறேன்" என்றாள். எட்டு விநாடி. பத்து எண்ணினாள். பதினெட்டு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அஞ்சுக்கு எட்டுன்னா பத்துக்குப் பதினாறுதானே வரணும்? ரெண்டு விநாடி எங்கேர்ந்து கூட வருது?" பூட்டை மறுபடி இழுத்து விட்டவள், "ஒண்ணு" என்று சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொண்டாள். "மாமா! விடும்போதே ஒண்ணுன்னு சொல்லிட்டேன். அது போய்த் திரும்பி வந்தாத்தானே ஒண்ணு? நான் எண்ணினது பத்தொன்பதுதான்!"

பூஜ்யத்திலிருந்து எண்ணினாள். 40.2 விநாடி. விடை 9.77.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒரு விஞ்ஞானி செய்கிற வேலையெல்லாம் செய்துவிட்டாள். அளந்ததைத் திரும்ப அளந்தாள். கருவியைச் சந்தேகித்துச் சோதித்தாள். வந்த எண்ணுக்குள் ஒளிந்திருந்த முரணைக் கண்டுபிடித்தாள். அது தன் எண்ணிக்கையிலேயே இருக்கிறது என்று பிடித்தாள். 10.8 என்ற விடை கையில் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. முதலிலேயே 9.8 வந்திருந்தால் அவள் நோட்டை மூடிவிட்டுப் போயிருப்பாள். 10.8 போன்ற எண்ணை ரப்பரால் அழிக்கத்தான் நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கின்றன என்று நான் வெகுநாளாகக் கருதிவருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில், பெரும்பாலான நாட்களில், அறிவியல் என்ற பெயரில் நடப்பது இதுதான்.

நான் மேல்நிலை படித்த பள்ளியில் உப்பு பகுப்பாய்வு நடந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. சின்னக் காகிதப் பொட்டலத்தில் உப்பு கொடுப்பார்கள். நிறம் பார், சூடாக்கு, அமிலம் விடு, வாயு வருகிறதா பார், பழுப்பு வளையம் வருகிறதா பார் என்று வரிசையாக இருபது சோதனைகள் செய்து அது என்ன உப்பு என்று முடிவுக்கு வர வேண்டும். துப்பறியும் கதைபோல அவ்வளவு அழகான வேலை அது. நாங்கள் யாரும் அதை அப்படிச் செய்யவில்லை. நீலமாக இருந்தால் காப்பர் சல்ஃபேட், பச்சையாகத் தூளாக இருந்தால் காப்பர் கார்பனேட், முகர்ந்தால் மூக்கில் ஏறினால் அம்மோனியம். வெள்ளையாக இருந்து குழப்பினால் அடுத்த மேசையிலிருந்து கிசுகிசுப்பாகப் பெயர் வந்துவிடும். பெயர் தெரிந்த பிறகு, செய்யாத சோதனைகளுக்கெல்லாம் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதிக் கையெழுத்திட்டு மதிப்பெண் வாங்கினோம். தேர்வில் பிட் அடிப்பது தப்பு என்று சொன்ன அதே பள்ளியில், யாரும் இதைத் தப்பு என்று சொன்னதில்லை. எங்களுக்கும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கு இன்றும் வலிப்பது அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் இப்போது அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. செய்முறை மதிப்பெண் முழுதாக வருவதுதான் வழக்கம்; ஒன்றிரண்டு குறைந்தால் பெற்றோர் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்தான். இன்று அவர் இங்கே கை இறுக்கினால், நாளை அவர் பிள்ளைகளுக்கு யார் கை தாராளமாக வரும்? இதில் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் அளவு எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்கிறது என்றால் அது எதையும் அளக்கவில்லை என்பது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். கல்வித் துறைக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அறுபது பேர் உள்ள வகுப்பு, நாலைந்து சோனாமீட்டர், நாற்பது நாற்பத்தைந்து நிமிஷப் பீரியட். பிப்பெட் உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் கணக்குக் காட்டியாக வேண்டும். தணிக்கைக்கு வருபவர், பிள்ளைகள் கற்கும்போது கண்ணாடி உடையத்தான் செய்யும் என்பதை ஏற்பதில்லை. அதனால் நல்ல கருவிகள் பீரோவில் பூட்டியே இருக்கின்றன. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பீரோ திறக்கும், முடிந்ததும் மூடும். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் அமிலத்தை நீர்த்து வைப்பதிலிருந்து சோதனைக் குழாய் கழுவுவதுவரை ஆசிரியர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை தன் கைக்காசில் லென்ஸும் காந்தமும் வாங்கி வந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செய்து காட்டுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கூட்டங்களில், 'துளிர்' இதழைப் படித்த பிள்ளைகளுக்கு நடுவில், அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த உழைப்புக்கென்று பதவி உயர்வு கிடையாது. தேர்ச்சி விகிதம் கூட்டியவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு.

ரெக்கார்ட் நோட்டோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு வருந்த மாட்டேன். பாடத்துக்குள்ளும் இதே பழக்கம் இருக்கிறது. நாக்கின் படத்தை நினைத்துப் பாருங்கள். நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று பங்கு பிரித்து வரைந்த படம். 1901-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்து பிறந்த படம் அது. சுவை அரும்புகள் உள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். உலகம் முழுக்கப் பல தலைமுறைப் பிள்ளைகள் இதை வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். நாக்கு எங்கள் எல்லோரிடமும் இருந்தது. சர்க்கரை சமையலறையில் இருந்தது. ஓரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை, சோதித்துப் பார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மெழுகுவத்திச் சோதனை இதைவிடச் சுவாரசியமானது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஐந்தில் ஒரு பங்கு ஏறும், காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று விளக்கம் எழுதச் சொல்வார்கள். வீட்டில் செய்து பாருங்கள். சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். கவிழ்க்கும்போது டம்ளர் விளிம்பில் சில சமயம் குமிழிகள் வெளியேறுவதும் தெரியும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதேதான், ஏன் கூடுதலாக ஏற வேண்டும்? சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே போய்விட்டது. மிச்சம் குளிர்ந்து சுருங்கியபோது அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும், எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிடும். இதையெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்தே வரவழைக்கலாம். "மூணு வத்தி வெச்சா என்ன ஆகும் சார்?" என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும், அந்தக் கேள்விக்கு வகுப்பில் நேரம் இருக்க வேண்டும். அவ்வளவே.

அதற்கு நேரம் கிடைக்காததன் காரணத்தைத் தேடினால் பள்ளிக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. கல்விக் கொள்கை என்று நாம் சண்டை போடுவதெல்லாம் எந்தப் பாடம் புத்தகத்தில் இருக்க வேண்டும், எந்தத் தேர்வு யாருக்கு வாசலைத் திறக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். இரண்டும் முக்கியமான சண்டைகள். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் கொரோனா காலச் சுமைக் குறைப்பு என்று பரிணாமத்தை எடுத்தார்கள். கொரோனா போன பிறகும் அது திரும்பி வரவில்லை. தனிம வரிசை அட்டவணையும் பத்தாம் வகுப்பிலிருந்து போனது. 2023-ல் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பரிணாமப் பாடத்துக்காகக் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடுகிற பிள்ளைகள்தான் நாட்டில் அதிகம். அவர்கள் வாழ்நாளில் அந்தப் பாடத்தைச் சந்திக்க அது கடைசி வாய்ப்பு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் இன்றும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தப் பாடம் வகுப்பில் எப்படி நடக்கிறது? ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பெயரும், அது ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடைப்பட்டது என்ற ஒரு வரியும் மனப்பாடம். லாமார்க், டார்வின் இருவரையும் இரண்டு பத்தி அட்டவணையில் வேறுபடுத்துக. டார்வின் எதைப் பார்த்தார், எதைப் பார்த்து இருபது வருஷம் தயங்கினார், எந்தச் சான்று வந்தால் அவர் சொன்னது பொய்த்துப்போகும் என்ற கேள்விகள் வருவதில்லை. அப்படிப் படித்த பிள்ளைக்குப் பரிணாமம் நம்ப வேண்டிய இன்னொரு கதை, அவ்வளவே. நாளை வேறொரு கதையை அதே கம்பீரத்தோடு புத்தகத்தில் அச்சிட்டால் அதையும் அதே பிள்ளை மனப்பாடம் செய்யும். பாடத்தை நீக்கியவர்களுக்கு வேலையை எளிதாக்கி வைத்தது நாம் நடத்திய விதம் என்பதையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

மருத்துவ இடத்துக்கான சண்டையும் இப்படித்தான். 2007 சேர்க்கையிலிருந்து தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது, பிளஸ் டூ மதிப்பெண்தான் என்றானது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வழி திறக்கும் என்று வந்த ஏற்பாடு. வந்த சில ஆண்டுகளில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைக்கிற விடுதிப் பள்ளிகள் செழித்தன. 2017 முதல் நீட் வந்தது. நூற்றி எண்பது கேள்வி, நூற்றி எண்பது நிமிஷம், 720 மதிப்பெண். நிமிஷத்துக்கு ஒரு வட்டம் கறுப்பாக்க வேண்டும். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுக்கு அது வசதி, நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அதைத்தான் சொன்னது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு எத்தனையோ ஏழை வீடுகளிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், மனசுக்கு அவ்வளவு நிறைவான விஷயம் அது. நீட்டை நானும் எதிர்க்கிறேன். அதற்காகப் பிளஸ் டூவில் சென்டம் துரத்திய பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய விடுதிப் பள்ளியும் இன்றைய கோச்சிங் சென்டரும் அறிவியலைச் சலித்தெடுக்கிற சல்லடையாகத்தான் பார்க்கின்றன. இரண்டிலும் ஊசலுக்கு இடமில்லை.

பதினொன்றாம் வகுப்பின் கதை இதற்கு நல்ல சாட்சி. பள்ளிகள் அந்த வருஷத்தையே விழுங்கிவிடுகின்றன என்று 2017-18-ல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். தேர்வு வைத்தால்தான் பாடம் நடக்கும் என்று அரசே ஒப்புக்கொண்டது அது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை, மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு பிள்ளைகளுக்குச் சுமை என்று சொல்லி அதை எடுத்துவிட்டது. வைத்ததற்கும் காரணம் இருந்தது, எடுத்ததற்கும் இருக்கிறது. நடுவில் எட்டு வருஷம், அந்த வகுப்பில் பிள்ளைகள் எதைப் புரிந்துகொண்டார்கள், எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று அளந்து பார்த்து, அந்த அளவைப் பொதுவில் வைத்து, அதன் மேல் எடுத்த முடிவு என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அளந்து பார்த்த ஒரு சமயம் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றுக்குத் தொடர்ச்சியாக நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கல்வியில் முன்னணி மாநிலங்கள் என்பதால்தான் இவை இரண்டும். அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348, இமாச்சலம் 325. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. மொத்தம் 74 நாடுகள், பகுதிகளின் வரிசையில் கடைசி ஓரத்தில் நாம் இருந்தோம். கேள்விகள் நம் சமூகச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. அந்தத் தேர்வில் குறைகள் இருந்திருக்கலாம். நம் எண்ணிக்கையில் எங்கே தப்பு, கருவியில் எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்த்திருந்தால் 348 நமக்கு எவ்வளவோ சொல்லியிருக்கும். அக்கா மகள் கையில் இருந்த அதே ரப்பரை டெல்லியும் எடுத்தது.

இது பெரிய நாடு, நிறையப் பிள்ளைகள், இப்படித்தான் நடக்கும் என்று சொல்பவர்களிடம் நான் ஹோஷங்காபாத் பற்றிப் பேசுவேன். மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஓரத்து மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பெயர். 1972-ல் ரசூலியாவில் இருந்த ஒரு கிராமப் பணி மையமும், அனில் சட்கோபால் என்ற உயிரியல் விஞ்ஞானி தொடங்கிய கிஷோர் பாரதியும் சேர்ந்து, பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியை ஆரம்பித்தார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை அறிவியலைச் சோதனை வழியாக மட்டுமே கற்பிப்பது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982-ல் உருவான ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்ற பிறகு பல மாவட்டங்களுக்குப் போனது. உச்சத்தில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி, ஒரு லட்சம் பிள்ளைகள்.

அவர்களுடைய 'பால் வைஞ்ஞானிக்' என்ற புத்தகத்தில் விடைகள் அச்சிடப்படவில்லை. செய், பார், எழுது, ஏன் என்று கேள் என்பதுதான் பாடம். நான்கு பேர் ஒரு குழு. கருவிகள் உடைந்தால் வருந்தாத அளவுக்கு மலிவானவை, உள்ளூர்க் கடையில் கிடைப்பவை. 1978-ல் டெல்கோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அரவிந்த் குப்தா என்ற கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர் விடுப்பு எடுத்து அங்கே போனார். சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் செய்த முக்கோணங்களும் கூண்டுகளும் பிறகு நாடு முழுக்கப் பிள்ளைகள் கைக்குப் போயின. ஒரே மேசையை எல்லோரும் அளந்து, ஆளுக்கொரு எண் வருவதைக் கரும்பலகையில் எழுதி, ஏன் மாறுகிறது, எவ்வளவு மாறலாம் என்று பேசுவது அங்கே ஒரு பாடம். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பிள்ளைகளிடம் 10.8 என்ற விடையைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

தேர்வையும் மாற்றினார்கள். மற்றதெல்லாம் பலித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு, அதோடு ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்து காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு அங்கே பலன் இல்லை. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி, பிறகு மாதாமாதம் கூட்டம். இந்தச் சோதனை என் வகுப்பில் பலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அடுத்த பதிப்பில் பாடம் மாறும். பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்ப சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதர் இருந்தார். அவர் பெயருக்குக் கடிதம் போட்டால் பதில் வரும்.

2002-ல் மத்தியப் பிரதேச அரசு அதை நிறுத்தியது. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வில் அந்த மாவட்டத்துத் தேர்ச்சி குறைவு என்று புகார். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடநூல் என்று உத்தரவு. எட்டாம் வகுப்புவரை யோசித்துப் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடத் தேர்வால் அளந்துவிட்டு, யோசிப்பில் குறை கண்டார்கள். முப்பது வருஷ உழைப்பு அது. நாடு முழுக்க விஞ்ஞானிகள் எழுதிக் கேட்டும் பலனில்லை.

நம்மிடம் புதிய திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய்வரை நிதி, நாட்டில் பத்தாயிரம் பள்ளிகளில் அது வந்துவிட்டது. நான் பார்த்த ஒரு பள்ளியில் 3டி பிரிண்டர் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. தமிழ்நாட்டின் வானவில் மன்றம் எனக்குப் பிடித்தது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, எளிய பொருட்களை எடுத்துக்கொண்டு ஊக்குநர்கள் பள்ளிக்கே வருவார்கள். எண்ணமெல்லாம் ஹோஷங்காபாத் எண்ணம்தான். ஆனால் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஊக்குநர்கள் 700 பேரளவில். ஆளுக்குப் பதினெட்டுப் பள்ளி. மாதத்துக்கு ஒரு நாள் ஒருவர் வந்து மாயம் காட்டிப் போவதுபோல் ஆகிவிடுகிறது, மறுநாள் புத்தகப் பின்பக்கக் கேள்விகள் காத்திருக்கின்றன. தேர்வை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் எத்தனை மன்றம் வைத்தாலும் பிள்ளைகளும் பெற்றோரும் தேர்வைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது தேர்வைத்தான். செய்முறைத் தேர்வில் ரெக்கார்டில் இல்லாத ஒரு சோதனை வரட்டும். ஒரு நூலும் இரண்டு கல்லும் கொடுத்து, ஆடும் நேரம் கல்லின் எடையைப் பொறுத்ததா, நூலின் நீளத்தைப் பொறுத்ததா என்று கேளுங்கள். மதிப்பெண்ணை விடைக்குப் போடாமல், எடுத்த அளவுகளுக்கும் அவற்றைப் பற்றிப் பிள்ளை சொல்லும் காரணத்துக்கும் போடுங்கள். அப்சர்வேஷன் நோட்டை ஆய்வகத்தில் பேனாவால் எழுதட்டும். தப்பான அளவை ஒரே கோட்டால் அடிக்கட்டும், கீழே எழுதியது படிக்கத் தெரிய வேண்டும். உடையும் கண்ணாடிக்கு வருஷத்துக்கு ஒரு தொகையை அரசே தள்ளிவைத்துவிட்டு, ஆசிரியரிடம் கணக்குக் கேட்பதை நிறுத்தட்டும். அறுபது பேரை மூன்று பிரிவாக்கி ஆய்வகத்துக்கு அனுப்பவும், காலியாகக் கிடக்கும் உதவியாளர் இடங்களை நிரப்பவும் பணம் வேண்டும். 3டி பிரிண்டருக்குப் பணம் கிடைத்த நாட்டில் இதற்குக் கிடைக்காமல் போகாது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அக்கா மகளின் ரெக்கார்டைப் பார்த்தேன். ஐந்து வரியிலும் 0.248 அப்படியே இருந்தது. "மாத்தலையாம்மா?" என்றேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் கையெழுத்து, மாற்றினால் மறுபடி எழுதச் சொல்வார்கள் என்றாள். பிறகு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மூன்று வரி, 38.2, 38.1, 38.2. பக்கத்தில் 10.8. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, "19" என்று எழுதியிருந்தாள்.

நிலைப்படி ஆணியில் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகுமா என்று அன்று சாயங்காலம் பார்க்கப்போகிறாளாம். "ஆகாதுன்னு நினைக்கிறேன் மாமா, ஆனா பாக்காம சொல்ல மாட்டேன்" என்றாள்.